புழுவைக் கண்டதும் மருந்தா?

கடலில்லாத கோவையில் பவளத் தொட்டி வைப்பவர்கள் கடல்நீரை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். லிட்டருக்கு 35 கிராமுக்குக் குறையாமல் உப்பு வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் கால்பங்கு நீர் மாற்றினாலே ஏறக்குறைய 2 கிலோ உப்பு போய்விடும். இவ்வளவு பாடுபட்டு வைத்த தொட்டியில், இரவு டார்ச் அடிக்கும்போது பாறை இடுக்கில் ஒரு புழு நெளிந்தால் மனம் பதறத்தான் செய்யும். உடனே கை போவது லெவாமிசோல் பக்கம். ஆடுமாடுகளின் குடற்புழு நீக்கத்துக்காகக் கொங்கு நாட்டுக் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைப்பதுதான்.

பட்டியில் அந்த வழக்கம் சரி. குடற்புழுவால் ஆட்டுக்கு ஒரு பயனும் இல்லை. தொட்டியில் கதை வேறு. பக்கவாட்டில் முள்முடிக் கற்றைகளோடு ஊரும் பிரிஸில் புழுக்களில் பெரும்பாலானவை மிச்சத் தீனியையும் செத்த மீனையும் தின்று, நம் கை எட்டாத இடுக்குகளைச் சுத்தம் செய்கின்றன. செத்த மீன்மேல் மொய்ப்பதைப் பார்த்துவிட்டு அவற்றைக் கொலைகாரர் என்கிறோம். அவை பெருகினால் தீனி அதிகமென்று பொருள். குறைக்க வேண்டியது தீனியைத்தான். வெறுங்கையால் மட்டும் தொடக் கூடாது. முள் தோலில் ஏறி எரியும். ஒட்டும் டேப்பால் எடுத்துவிடலாம்.

துருநிறத் தட்டைப்புழுவிடம் மருந்தின் பலத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சில மில்லிமீட்டரே இருக்கும். தன்னைத்தானே பிளந்து பெருகிப் பவளத்தின்மேல் படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். மருந்து அதை வேகமாக ஒழிக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சாகும் புழுக்கள் கக்கும் நஞ்சில் மீன்களும் சாகலாம். அதனால் முதலில் குழாயால் உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஆக்டிவேட்டட் கார்பனும், முன்கூட்டியே கரைத்துவைத்த உப்புநீரும் தயாராக இருக்க வேண்டும். இவை இல்லாமல் மருந்தைத் திறப்பது பெரும் தவறு.

அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவிடம் ஒரே தடவை மருந்து வேலைக்காகாது. தனிப் பாத்திரத்தில் முக்கினால் வளர்ந்த புழு உதிரும். பவளத்தின் வெற்று எலும்பில் இட்ட முட்டை தப்பிவிடும். முட்டையைச் சுரண்டி எடுத்து, குஞ்சு பொரிந்தபின் மறுபடி முக்க வேண்டும்.

புழு வராமல் தடுக்க உலர்ந்த செயற்கைப் பாறையில் தொட்டியைத் தொடங்குவது நல்ல வழி. கடலிலிருந்து பாறை எடுக்கவும் கூடாது: பாறைப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல்லை அள்ளுவது குற்றம், கடலுக்கும் கேடு. ஒரு குறை உண்டு: செயற்கைப் பாறைத் தொட்டியில் துப்புரவுப் புழுக்களும் இரா. ஆரம்ப மாதங்களில் தீனியை அளந்து போட வேண்டும்.

மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு புழுவைக் கிண்ணத்தில் பிடித்து லென்ஸில் பாருங்கள். முள்கற்றையா, தட்டை உடலா என்று பாருங்கள். தலையில் ஐந்து உணர்கொம்புகளும் வலுத்த தாடைகளும் இருந்தால் அது யூனிஸ் இனம். பெரிதாக வளர்ந்தால் மீனையே பிடிக்கும். அதற்கும் மருந்து வேண்டாம். அது ஒளிந்திருக்கும் பாறையை வெளியே எடுத்துவிடுங்கள்.