களிமண் நாயின் புருவம்

நிக் பார்க்கின் 'எ கிராண்ட் டே அவுட்' ஒரு மாணவர் படம் என்றால் பலர் நம்புவதில்லை. 1982-இல் இங்கிலாந்தின் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளியில் படிப்புக்காகத் தொடங்கியது. பிரிஸ்டலின் ஆர்ட்மன் நிறுவனத் துணையோடு 1989-இல்தான் முடிந்தது. ஓடும் நேரமோ 23 நிமிடம். பொம்மையை இம்மி நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொன்று. நொடிக்கு 24 பிரேம். இரண்டு பிரேமுக்கு ஒரு நிலை என்று கொண்டாலும் கணக்கு பதினாறாயிரத்தைத் தாண்டும்.

வீட்டில் சீஸ் தீர்ந்துபோச்சு, நிலாவே சீஸ்தானே என்று வாலஸும் அவர் நாய் குரோமிட்டும் ராக்கெட் கட்டிப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். நடுவில் தொய்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கதவை அறுக்கும் காட்சி! நாயின் முதுகே அறுப்புப் பலகை. அடியில் மாட்டிக்கொண்ட பொம்மையில் பார்க்கின் விரலுக்கு எட்டியது முகம் மட்டும். புருவத்தை அசைத்துப் பார்த்தார்; அதுவே போதுமாக இருந்தது. குரல் கொடுக்க நினைத்திருந்த நாய்க்குக் கடைசியில் வாயே இல்லை.

அகமதாபாத்தில் டிசைன் படிக்கும் நம்ம பிள்ளைகள், "கம்ப்யூட்டரிலேயே களிமண் மாதிரி செஞ்சிடலாம் அங்கிள்" என்கிறார்கள். செய்யலாம்தான். விரல் எட்டாத இடம் என்று ஒன்று அதில் இல்லையே! களிமண்ணில் கைரேகை தெரிவதைக் குறையென்பாரோடும் நான் ஒப்பமாட்டேன்.

நிலாவில் இருக்கும் அந்த அடுப்பு இயந்திரத்தைப் பாருங்களேன். வாலஸ் காசு போட்டு நகர்ந்தபின் உயிர்பெறுகிறது. பனிச்சறுக்குப் படங்கள் உள்ள பத்திரிகையைப் பார்த்து ஏங்குகிறது. வசனமே கிடையாது. ராக்கெட்டில் பிய்ந்த தகடுகளைக் காலில் மாட்டிக்கொண்டு கடைசியில் அதுபாட்டுக்குச் சறுக்குகிறது.