பட்டாசுத் தொழிலும் இணையவழிப் பாட அமைப்பும்: மரபுகளும் அளவுகோல்களும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு வேலை நெடுங்காலமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கைபார்த்துப் பழகும் வேலையாகவே இருந்துவந்திருக்கிறது. 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதில் வேர்கொண்ட இம்மரபில், தவறும் கை அங்கேயே திருத்தப்படுவது வலிமை என்றால், மூத்தவரின் பிசகான பழக்கமும் கூடவே இளையவருக்குப் போய்ச் சேர்வது குறை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த பெருவிபத்துக்குப் பின் முறையான பயிற்சியின் தேவையை இங்கு எவரும் மறுப்பதில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் போர்மேன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் வகுப்புகள் நடத்திவருகிறது. அவ்வகுப்புகளின் பொருளை இணையவழிப் பாடமாக்க முனைபவர் முதலில் தெளிய வேண்டியது, எந்தக் கற்பித்தல் மரபைப் பின்பற்றுவது என்பதே.

பாட அமைப்புக் கலையில் பழைய மரபு, அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1950களில் வகுத்த படிமுறைப் பாடம். பொருளைச் சிறுசிறு துண்டாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்வி கேட்டு, விடை சரியா என்று உடனே சொல்லிவிடுவது அதன் வழி. 1965இல் ராபர்ட் காக்னே இதை விரித்து, கவனத்தை ஈர்ப்பதில் தொடங்கி, கற்றதை வேறு சூழலில் பயன்படுத்தச் செய்வதில் முடியும் ஒன்பது நிகழ்வுகளாகப் பாடத்தை வரிசைப்படுத்தினார். இவ்விரண்டுக்கும் புறத்தே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளில் புதிய ஆட்களைப் பழக்க எழுந்த பட்டறைப் பயிற்சி மரபு உண்டு. ஆளைத் தயார்செய்தல், வேலையைச் செய்துகாட்டல், அவரையே செய்யவிடுதல், பின்தொடர்ந்து பார்த்தல் என நான்கே படிகள் கொண்டது. 2002இல் டேவிட் மெரில் எல்லா மரபுகளிலும் பொதுவானதைத் திரட்டி, மெய்யான ஒரு சிக்கலை நடுவில் வைக்கும் பாடமே நிலைக்கும் என்றார். பட்டாசுத் தொழிலுக்குக் காக்னேயின் ஒழுங்கைவிட இப்பின்னிரண்டுமே நெருக்கமானவை.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்க்கலாகாது என்னும் 1992ஆம் ஆண்டுத் தடையை நினைவில் வைப்பது அறிவு. அதற்குக் கேள்வி-பதில் போதும். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்து மாலையில் மிஞ்சிவிட்டால் என்ன செய்வது என்பதோ முடிவெடுக்கும் திறன். அக்கலவையில் ஈரம் பட்டால் மெல்ல வெப்பம் ஏறும்; இரவெல்லாம் கிடந்தால் தானே பற்றவும் கூடும். 'மிச்ச மருந்தை அறையில் வைக்காதே' என்ற வாசகத்தைத் திரையில் காட்டுவது பாடம் ஆகாது. சம்பளம் எண்ணிக்கைக் கணக்கில் வருகிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது, வேன் ஹார்ன் அடிக்கிறது, பாத்திரத்தில் இரண்டு கை மருந்து மீதி இருக்கிறது என்ற நிலையைப் படக்காட்சியாக வைத்து, மூடிவைத்துவிட்டுக் கிளம்புவதா, போர்மேனைக் கூப்பிடுவதா, அவசரமாக வெடிகளில் செலுத்தி முடிப்பதா என்று தொழிலாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஒவ்வொரு தேர்வின் விளைவையும் காட்டினால்தான் பாடம் உள்ளே இறங்கும். தவறான விடைகள் தவறாகத் தோன்றாமல், ஆலையில் நாள்தோறும் நடப்பவையாகவே இருக்க வேண்டும். அவற்றைச் சொல்லித்தரக் கூடியவர் பழைய போர்மேன்தானே தவிர மென்பொருள் நிறுவனத்தார் அல்லர்.

காட்சியமைப்பில் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் பெரிதும் உதவும். படத்தோடு பேச்சைச் சேர்ப்பது நல்லது, அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் ஓடவிடுவது கவனத்தைச் சிதறடிக்கும், பின்னணி இசையும் அலங்காரமும் கற்றலைக் குறைக்கும் என்பவை அவர் கண்ட நெறிகள். வாசிக்கத் தடுமாறுவோரும் உள்ள தொழிலில் பேச்சுக்கு முதலிடம் தருவது வேறு வகையிலும் பொருந்தும். அப்பேச்சு அரசாணைத் தமிழாக இல்லாமல் 'மருந்து', 'திரி', 'மணி மருந்து' என்னும் ஆலைச் சொற்களிலேயே அமைய வேண்டும். மரக்கரண்டி, பருத்தி உடை, உள்ளே நுழையுமுன் உடலின் நிலைமின்னேற்றத்தை இறக்கத் தொடும் செம்புத் தகடு ஆகியவற்றைப் பொம்மைப் படமாக வரையாமல், உரிய நிழற்படமாகவே காட்டலாம்.

பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுசெல்ல இயலாது என்பது பாட அமைப்பாளர் பலர் மறந்துவிடும் செய்தி. ஆகவே பாடம் வீட்டிலோ போகவரும் வேனிலோ பார்க்கப்படும். ஐந்து நிமிடத்துக்குள் முடிவதாகவும், முன்பே இறக்கிவைத்துக்கொள்ளக் கூடியதாகவும் இருப்பதே முறை. நினைவாற்றலை ஆய்ந்த உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே காட்டியபடி கற்றது விரைவில் மறக்கும் என்பதால், ஒரே நாளில் இரண்டு மணிநேரம் ஊட்டுவதைவிட, தீபாவளிக்கு முந்தைய மும்முரமான மாதங்களில் வாரந்தோறும் ஒரு கேள்வியை அனுப்பி நினைவைத் தட்டியெழுப்புவது பயன் தரும்.

அளவுகோல்களுக்கு வந்தால், ஸ்கார்ம் எனப்படும் தொழில்நுட்பத் தரம், பாடம் எந்த மேடையிலும் ஓடவும், முடித்தவர் யார், மதிப்பெண் என்ன என்று பதியவும் வழிசெய்கிறது. அதற்குமேல் அது எதையும் சொல்லாது. 1959இல் டொனால்டு கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு படிகளே இன்றும் உரைகல்லாக உள்ளன: கற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு கிடைத்ததா. பெரும்பாலான இணையப் பாடங்கள் முதலிரண்டோடு நின்று சான்றிதழ் அச்சிட்டுவிடுகின்றன. மூன்றாவதை எந்த மென்பொருளும் அளக்க முடியாது. மருந்து அறை வாசலில் நிற்கும் போர்மேனால்தான் முடியும். அதனால் தொழிலாளிக்கான பாடத்தோடு, எதைக் கவனிப்பது, எப்படிக் குறிப்பது, திட்டாமல் எப்படித் திருத்துவது என்று போர்மேனுக்கான தனிப்பாடமும் கூடவே எழுதப்பட வேண்டும்.