பீடின் இன்னொரு புத்தகம்

லத்தீனில் எழுதிய இங்கிலாந்துத் துறவி பீடை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அது 731-ல் முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றினால்தான் இருக்கும். மற்ற புத்தகங்களை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அநியாயம். என்னைக் கேட்டால் 725-ல் எழுதிய 'காலக் கணக்கு'தான் அவருடைய பெஸ்ட். ஃபெயித் வாலிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1999-ல் வந்தது.

ஈஸ்டர் எந்த ஞாயிறு என்று கண்டுபிடிக்க சூரியன், சந்திரன் இரண்டும் வேண்டும். அதற்கான பாடப் புத்தகம் இது. ஆனால் மனுஷர் ஆரம்பிப்பது விரல்களில்! இடது கையில் ஒன்றும் பத்தும், வலது கையில் நூறும் ஆயிரமும். இரண்டே கையில் 9,999 வரை மடக்கி நீட்டிக் காட்டலாம். எழுத்துக்கு ஒரு எண் வைத்துக்கொண்டால், ஆபத்திலிருக்கும் நண்பனுக்கு 'ஜாக்கிரதை' என்று சத்தமில்லாமல் விரலாலேயே சொல்லலாமாம். மடாலயத்தில் இதற்கு என்ன அவசியம் என்று கேட்காதீர்கள்.

கடல் பற்றிய அத்தியாயம் இன்னும் பிரமாதம். ஓதம் தினம் சுமார் 48 நிமிஷம் தாமதமாகிறது, சந்திரனைப் போலவே என்கிறார். இன்றைய கணக்கு சுமார் 50. ஒரே கரையில்கூடத் துறைமுகத்துக்குத் துறைமுகம் நேரம் மாறும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நடுநடுவே வரும் சந்திர சுழற்சிக் கணக்குகள் மகா போர். தாராளமாகத் தாண்டலாம்.

கடைசியில் வரும் உலக சரித்திரத்தைத் தாண்டாதீர்கள். அதற்குப் பின்னால் ஒரு வம்பு இருக்கிறது. உலகம் பிறந்து கிறிஸ்து பிறக்கும்வரை 5199 வருஷம், மொத்த ஆயுள் 6000 என்று பலர் நம்பிய காலம் அது. அதாவது, பீட் காலத்தில் பாக்கி நூறு வருஷம்கூட இல்லை. இன்னும் எத்தனை என்று அவரையே வந்து நச்சரித்திருக்கிறார்கள். அவரோ ஹீப்ரு பைபிளை வைத்துக் கூட்டிப் பார்த்து, 703-ல் ஒரு சின்னப் புத்தகத்தில் 3952 என்று எழுதிவிட்டார். 1247 வருஷம் அவுட்! உலக முடிவின் தேதியே ஆட்டம் கண்டுவிட்டது.

708-ல் ஒரு விருந்தில், பிஷப் வில்ஃப்ரிட் முன்னிலையில், குடித்திருந்த சிலர் பீடை மத விரோதி என்றார்கள். சாதாரணக் குற்றச்சாட்டு இல்லை. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயசு இருக்கும். கொதித்துப்போய் பிளெக்வின் என்ற துறவிக்கு ஒரு கடிதம் எழுதினார், பிஷப் முன்னால் அதை வாசிக்க வேண்டும் என்று.

பதினேழு வருஷம் கழித்துப் பெரிய புத்தகம் எழுதியபோதும் அந்த 3952-ல் ஒரு வருஷம்கூட அவர் மாற்றவில்லை.