நல்ல வாத்தியார் வந்தால் போதுமா?

தமிழில் பள்ளிக்கூடப் படம் என்றால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பாழாய்க் கிடக்கும் அரசுப் பள்ளிக்கு ஒருவர் மாற்றலாகி வருவார், எல்லாம் சரியாகிவிடும். அன்பழகன் இயக்கிய ‘சாட்டை’யில் (2012) சமுத்திரக்கனியின் தயாளன் சார். கௌதம்ராஜின் ‘ராட்சசி’யில் (2019) ஜோதிகாவின் கீதாராணி டீச்சர்.

இவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. பிள்ளையைக் குட்டுவதும் நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுவதும் கண்டிப்பு என்றே நம்பிய ஊர்களில், மரியாதை கொடுத்தும் பாடம் நடத்தலாம் என்று ‘சாட்டை’ உரக்கச் சொன்னது. ஆசிரியர் அறையின் மெத்தனத்தையும் அது மூடி மறைக்கவில்லை.

ஆனால் மாறுகிற பிள்ளை எதனால் மாறுகிறான்? சார் நல்லவர், அதனால். அவர் மாற்றலாகிப் போய்விட்டால்? அன்பினால் வந்தாலும் கீழ்ப்படிதல் கீழ்ப்படிதல்தான். செய்தது தப்பு என்று பிள்ளை தானே யோசித்துக் கண்டுகொள்வதற்குக் கதையில் நேரமே இல்லை. நற்குணத்தைக் கற்பிக்க முடியுமா என்று பழைய கிரேக்க உரையாடல் ஒன்றில் மேனோன் என்ற இளைஞன் சாக்ரட்டீசிடம் கேட்டான். நம் படங்கள் அதற்குப் பதிலாகத் தேர்வு முடிவை நீட்டுகின்றன.

படிப்பு வந்தால் நற்குணமும் வந்துவிடும் என்ற அந்தப் பதில் எங்கள் குமரி மாவட்டத்தில் செல்லாது. மிஷனரி ரிங்கல்தௌபே 1809இல் மயிலாடியில் பள்ளி தொடங்கிய மண் இது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மதத்தின் பேரால் மோதிக்கொண்டபோதும் எழுத்தறிவில் முன்வரிசையில் நின்ற மாவட்டம்தான். அந்தப் படங்களில் தீமைக்கு ஒரு முகம் இருக்கிறது: ‘சாட்டை’யில் தம்பி ராமையாவின் சிங்கப்பெருமாள், ‘ராட்சசி’யின் தனியார் பள்ளி முதலாளி. மண்டைக்காட்டில் அப்படி ஒருவரை மட்டும் எப்படிச் சுட்டுவது? இரு பக்கமும் பள்ளிக்கூடம் போனவர்கள் இருந்தார்கள்.

இங்கே பல திருச்சபை நிர்வாகப் பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நீதிபோதனை. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரே பெஞ்சில் இருப்பவர்களை நல்லது கெட்டது பேசும் பீரியடில் மட்டும் பிரித்துவிடுகிறோம். சார்மாரும் டீச்சர்மாரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இந்தக் கால அட்டவணையை அவர்களின் அன்பு மட்டும் மாற்றிவிடாது.

பிள்ளைகளைத் தாங்களே யோசிக்க விடுவதில் பாண்டிராஜின் ‘பசங்க’ (2009) ஒருபடி மேல். ஜீவா, அன்பு என்ற இரு பள்ளிப் பையன்களுக்கு இடையிலான பகை அவர்களுக்குள்ளேயே வளர்ந்து, பொறாமையும் வெட்கமுமாக முற்றி, அவர்களுக்குள்ளேயே தணிகிறது. சொக்கலிங்கம் வாத்தியாரும் அற்புதம் எதுவும் செய்வதில்லை. சண்டை போடும் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுகிறார், அவ்வளவுதான்.

ஒருமுறையாவது வேதபாடக்காரர்களையும் நீதிபோதனைக்காரர்களையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து இந்தப் படத்தைப் போடலாம். முடிந்ததும் டீச்சர் நீதி சொல்லாமல், ஜீவா ஏன் அன்புவைப் பகைத்தான் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். நம் சார்மாருக்கு அதுதான் கஷ்டம்.