பத்து நாள் மௌனமும் பத்து நாள் கூலியும்

"காசு வாங்குறதில்ல, சோறு போடுறாங்க, தங்க இடம் தர்றாங்க, சாதி கேட்கறதில்ல." விபஸ்ஸனா முகாமுக்குப் போய்வந்த தோழர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். புத்தர் காட்டிய வழி, அதிலும் இலவசம், நமக்கு அதில் என்ன தகராறு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஓர் இடத்துக்குள் யார் நுழையலாம், நுழைந்தவர் எப்படி இருக்க வேண்டும் என்று வகுக்கிற விதிகளும் ஒரு பிரதிதான். கதையை, கவிதையை வாசிக்கிற மாதிரி அதையும் வாசிக்க வேண்டும். எழுதியிருப்பதோடு எழுதாமல் விட்டதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

நான் இருப்பது திருப்புட்குழி. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் ரோட்டை ஒட்டி, பாலுசெட்டிசத்திரத்துக்குப் பக்கம். ராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று விஜயராகவப் பெருமாள் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. யாதவப்பிரகாசரிடம் ராமானுஜர் பாடம் கேட்டதும் இங்கேதான் என்பார்கள். அதுவும் ஒரு வகையில் முகாம்தான்: குருவோடு தங்குவது, அவர் சொல்வதைக் கேட்பது, காசு கிடையாது. 'காசு இல்லை' என்பதால் அது எல்லாருக்குமான இடமாக இருந்துவிடவில்லை. வேதாந்தப் பாடத்துக்கு நுழைவுச்சீட்டு காசல்ல, பிறப்பு. இதே வட்டாரத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை (கி.பி. 921) ஜனநாயகத்தின் தாய் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். குடவோலையில் பேர் எழுதக் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் ஆள் நிறுத்தித் தடுக்கத் தேவையே இல்லை. தகுதி என்ற சொல்லே அந்த வேலையைச் செய்துவிடும்.

குருபரம்பரைக் கதைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். யாதவப்பிரகாசர் காசி யாத்திரை என்று அழைத்துப்போய் ராமானுஜரைக் கொல்லத் திட்டமிடுகிறார். விஷயம் தெரிந்து ராமானுஜர் விந்தியக் காட்டில் தப்பி ஓடுகிறார். ஒரு வேடனும் வேடுவச்சியும் வழி காட்டிக் காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். தாகம் என்கிறார்கள். அவர் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வருவதற்குள் மறைந்துபோகிறார்கள். வந்தது வரதராஜரும் தாயாரும் என்று கதை முடிகிறது. பக்தர்கள் உருகுகிற இடம் இது. எனக்கு உறுத்துகிற இடமும் இதுதான். காட்டில் வழி தெரிந்தவன் வேடன்தான். உயிரைக் காப்பாற்றியவனும் அவன்தான். ஆனால் ஒரு வேடனுக்கு நன்றிக்கடன்பட்டதாகக் கதை இருக்க முடியாது. அதனால் அவனைச் சாமியாக்கி அனுப்பிவிடுகிறார்கள். சாமியானவனுக்குக் கூலி வேண்டாம், பேர் வேண்டாம், மறுநாள் வந்து வாசலில் நிற்கவும் மாட்டான்.

மறைந்துபோகாத மனிதர் ஒருவரும் இதே கதையில் உண்டு. திருக்கச்சி நம்பி, பார்ப்பனர் அல்லாதவர். அவரைக் குருவாக ஏற்க ராமானுஜர் விரும்பினார், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நம்பி சாப்பிட்டுப் போனதும் ராமானுஜரின் மனைவி இலையை எறிந்து, இடத்தைச் சுத்தம் செய்து, தலைமுழுகி, வேறு சமையல் செய்தார். ஞானத்துக்குக் கதவைத் திறந்தாலும் சோற்றுக்குத் திறப்பது கஷ்டம் என்று கதையே ஒப்புக்கொள்கிறது.

இப்போது விபஸ்ஸனாவுக்கு வருவோம். பர்மாவில் பிறந்த கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். 1976இல் இகத்புரி மையம் உருவானது. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் மையம் இருக்கிறது. பத்து நாள். விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது, படிப்பு எழுத்து கிடையாது, வெளித்தொடர்பு கிடையாது. கட்டணமும் கிடையாது. முகாமை முழுதாக முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள். குருதட்சணைக் கொள்ளை நடக்கிற நாட்டில் இது மரியாதைக்குரிய விதி. அதை மறைத்துப் பேசினால் என் விமர்சனம் விமர்சனமாகாது.

ஆனால் இலவசம் யாருக்கு? மாதச் சம்பளக்காரர் லீவு எடுக்கலாம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25இல் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அந்தக் கணக்கில் பத்து நாள் கண்ணை மூடி உட்கார விலை 3,190 ரூபாய். ஒரகடம் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் இருக்கிற பையன் பத்து நாள் வரலைன்னா, பதினோராம் நாள் அவன் இடத்தில் வேறொருத்தன் நிற்பான். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவளுக்கு லீவு என்ற சொல்லே இல்லை. கால்வேலி நிலம் என்று கல்லில் வெட்டவில்லை, அவ்வளவுதான்.

இதே முறையைப் பார்த்து வேறு சிலரும் குறைந்த செலவில் முகாம் நடத்துகிறார்கள். அப்படி ஒன்றில் பத்து நாள் இருந்தேன், பேர் வேண்டாம். உண்மையைச் சொல்கிறேன்: அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே வரிசை, ஒரே பாத்திரத்துச் சோறு, அவரவர் தட்டை அவரவர் கழுவுவது. என் ஊரில் ஒருநாளும் நடக்காதது. எவரும் எதுவும் கேட்கவில்லை, கேட்க முடியாது. பத்தாம் நாள் பேசலாம் என்று அறிவித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அன்போடுதான் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "திருப்புட்குழியில எங்க?" அடுத்த கேள்வி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்த அக்காவை அந்தப் பத்து நாளும் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. அவர் எங்கிருந்து வருகிறார் என்பது எல்லாருக்கும் கேட்காமலே தெரிந்திருந்தது.

மனதின் பழைய பதிவுகள் வறுத்த விதை மாதிரி ஆகிவிட்டால் மறுபடி முளைக்காது என்கிறது தியான மரபு. எங்க ஊர் மரகதவல்லித் தாயார் சந்நிதியில் வறுத்த பயறும் முளைக்கும் என்று நம்பிக்கை. பிள்ளை வேண்டிப் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். சாதி விஷயத்தில் எங்க ஊர் நம்பிக்கைதான் சரி. பத்து நாள் வறுத்தாலும் பேச்சு வந்ததும் முளைத்துவிடுகிறது.

காரணம், துக்கத்தின் வேரை முழுக்க உள்ளே தேடுவது. உன் வேட்கை, உன் வெறுப்பு, அதைக் கவனி, அது கரையும். என் கோபத்துக்கு இது மருந்தாகலாம். என்மேல் எறியப்பட்ட கல்லுக்கு எப்படி மருந்தாகும்? அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் வெளிவந்தது. கிழவன், நோயாளி, பிணம் பார்த்துச் சித்தார்த்தன் துறவு போனான் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியர் கோலியர்மேல் போருக்குக் கிளம்பியபோது, சங்கத்தில் எழுந்து எதிர்த்ததால் வெளியேற வேண்டிவந்தது என்று எழுதினார். அந்தப் புத்தரின் முதல் அடி மௌனம் அல்ல, சபையில் பேசிய பேச்சு. தண்ணீர்த் தகராறு எங்களுக்குத் தெரியாத விஷயமா?

காஞ்சியில் நூறு சங்காராமங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதினார். காமாட்சியம்மன் கோயிலில் கிடந்த புத்தர் இப்போது எழும்பூர் மியூசியத்தில் நிற்கிறார். இந்த மண்ணுக்குப் பௌத்தம் இறக்குமதிச் சரக்கல்ல. 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசர், 1907இல் பத்திரிகை தொடங்கி 'ஒரு பைசாத் தமிழன்' என்று பேர் வைத்தார். விலையே பேர். கோலார் தங்கவயல் தொழிலாளி மாரிக்குப்பத்தில் சங்கக் கிளை கண்டான். சுரங்கத்தை விட்டு ஓடிப்போய் அல்ல, ஷிஃப்ட் முடிந்து வந்து. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோர் கூடி, வாய்விட்டு இருபத்திரண்டு உறுதிமொழி சொன்னார்கள். நமக்குத் தெரிந்த மலிவான முகாம்கள் இவை.

உட்காராதே என்று நான் சொல்லவில்லை. குடியிலும் கடனிலும் தூக்கம் தொலைத்தவனுக்கு ஒரு மணி நேர அமைதி பெரிய விஷயம். அது சேரியில், வேலை முடிந்த சாயங்காலத்தில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே உட்காரும்படி நடக்கட்டும். அரை மணி மூச்சைக் கவனிப்போம், அடுத்த அரை மணி பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசுவோம். நாங்கள் வாயை மூடிப் பழகத் தனியாக முகாம் வேண்டியதில்லை. அதில் எங்களுக்குப் பல நூற்றாண்டுப் பயிற்சி உண்டு.