ஆறுச்சாமிக்குக் கைதட்டிய கை

'சாமி' (2003) திருநெல்வேலியில் நடக்கிற கதை. கடைசியில் ஆறுச்சாமி வில்லனைக் கொன்று, தடயம் இல்லாமல் ஆக்கி, ஊருக்குத் 'தலைமறைவு' என்று சொல்லிவிடுவார். விசிலடித்தோம். ஒரு போலீஸ் அதிகாரி ஒரு மனுஷனைக் காணாமல் ஆக்கியிருக்கிறார் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோணவில்லை. பெருமாள் பிச்சை கெட்டவன். அது போதுமாக இருந்தது.

2020 ஜூன் 19 அன்று ஜெயராஜைச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே போன மகன் பென்னிக்ஸும் உள்ளே சிக்கினார். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பது புகார். மறுநாள் ரிமாண்ட், கோவில்பட்டி கிளைச் சிறை. 22 இரவு மகன் போனார், 23 விடியலில் அப்பா. சில நாளில் இயக்குநர் ஹரி, போலீஸைப் பெருமைப்படுத்திப் படம் எடுத்ததற்கு வருந்தி அறிக்கை விட்டார். விசிலடித்தவர்கள் யாரும் விடவில்லை. நானும்தான்.

அப்போது ஊரே சொன்னது: "ஐயோ, கடையைத்தானே தொறந்து வச்சிருந்தாங்க!" நானும் சொன்னேன். இன்றைக்கு அந்த வாக்கியம் உறுத்துகிறது. அவர்கள் திருடியிருந்தால்?

'ஜெய் பீம்' (2021) இந்தக் கேள்விக்குள் போகவில்லை. 1993-ல் நடந்த நிஜ வழக்கை எடுத்துக்கொண்ட படம், ராஜாக்கண்ணு நிரபராதி என்பதில் நமக்குத் துளி சந்தேகமும் வராதபடி பார்த்துக்கொள்கிறது. நாம் அழுவது அந்த அப்பாவித்தனத்துக்காக. அதே படத்தில் நல்ல போலீஸான பிரகாஷ்ராஜ், விசாரணையில் இந்தி பேசும் அடகுக்கடைக்காரரை அறைகிறார். அதை மொழிச் சண்டையாகத்தான் வாரக்கணக்கில் பேசினோம். காவல் வதைக்கு எதிரான படத்தில் ஒரு போலீஸ் கை ஓங்குகிறதே என்று கேட்டவர்கள் குறைவு.

'விசாரணை' (2016) இங்கேதான் ஒரு படி மேலே போகிறது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலிலிருந்து வந்த முதல் பாதியில் அடி வாங்குகிறவர்கள் அப்பாவித் தொழிலாளிகள். இரண்டாம் பாதியில் ஸ்டேஷனில் சாகிற ஆடிட்டர் கே.கே. யோக்கியன் இல்லை, அரசியல்வாதிகளின் கள்ளக் கணக்கு தெரிந்தவன். அவனுக்காகவும் நெஞ்சு பதறவைத்துவிடுகிறார் வெற்றிமாறன். என்னைக் கேட்டால் படத்தின் உண்மையான பரீட்சை அதுதான். சட்டமும் அப்படித்தான் பேசுகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிற அரசியலமைப்பின் 22-வது பிரிவு, அவர் நல்லவரா என்று விசாரித்துவிட்டு உரிமை தருவதில்லை. கைதுக்கு விதிமுறை வகுத்த டி.கே. பாசு வழக்கின் 1996 தீர்ப்பும் அப்படித்தான்.

இதைக் கோர்ட்டோடு நிறுத்திவிட முடியாது. பக்கத்து வீட்டில் பிள்ளை அடி வாங்கும் சத்தம் கேட்டால் நம் வாயில் முதலில் வருவது, "என்ன பண்ணித் தொலைச்சான்?" காரணம் சொல்லிவிட்டால் நமக்குச் சமாதானம் ஆகிவிடுகிறது. கடையைத்தானே திறந்தார்கள் என்று நான் பதறியதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

'சாமி' இப்போதும் டிவியில் ஓடுகிறது. போன மாசம்கூடப் பார்த்தேன். அந்தக் கடைசிக் காட்சியில் கை தன்னால் மேலே எழுந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன்.