தண்ணீர் ஊற்றிய அம்மா, ஊற்றாத அம்மா

போன மாதம் என் டீமில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் படிக்கக் கொடுத்தேன். ரெண்டு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தாள். “என்னண்ணா, இவ்ளோ டென்ஷன் ஏத்திக் கூட்டிட்டுப் போய், கடைசில கையில ஒண்ணுமே குடுக்காம அனுப்பிட்டாரே” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வயதில், இன்ஜினியரிங் ஹாஸ்டலில், நானும் இதே கோபத்தோடுதான் அந்தப் புத்தகத்தை மூடினேன். ஆனால் இப்போது அவள் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாலு நாள் மதியச் சாப்பாடு இந்தச் சண்டையிலேயே போனது. அதன் சாரத்தை இங்கே குறித்துவைக்கிறேன். நான் இலக்கிய ஆய்வாளன் கிடையாது. பிழைப்பு மென்பொருள். கதையை முழுக்கச் சொல்லிவிடுவேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

முதலில் ஒரு பழைய கதை. 1966ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழை நாள். பஸ்ஸுக்காக நிற்கும் ஒரு கல்லூரிப் பெண். கார் வந்து நிற்கிறது. ஏறுகிறாள். திரும்பி வரும்போது அவளுக்கு என்ன நடந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். வீட்டில் விதவைத் தாய். பல குடித்தனங்கள் இருக்கும் வீடு. பெண் சொன்னதைக் கேட்டதும் தாய் அடிக்கிறாள், அலறுகிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிறது.

கதையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. கார் வரும் இடத்தில் எனக்குப் பயம் வரவில்லை, அது நடந்துவிடும் என்று தெரிந்தே படிக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரி “என்ன ஆச்சு” என்று கேட்டபிறகு தாய் வாயில் என்ன வரப்போகிறது என்பதுதான் பயம். தாய் சமாளித்துவிடுகிறாள், மழையில் நனைந்துகொண்டு வந்ததற்காகத் திட்டியதாக. பிறகு மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, இது தண்ணீர் இல்லை நெருப்பு, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிற அர்த்தத்தில் தேற்றுகிறாள். படிக்கிறவனுக்கு அப்பாடா என்று இருக்கும்.

அந்த ‘அப்பாடா’தான் பலருக்குப் பொறுக்கவில்லை. பெரிய சர்ச்சையானது. ஒரு தாய் இப்படிச் செய்வாளா, செய்யலாமா என்று வாசகர்கள் இரண்டு பக்கமும் நின்று அடித்துக்கொண்டார்கள். கதை இப்படி முடிந்திருக்கக் கூடாது என்று சொன்னவர்களுக்கு ஜெயகாந்தன் ஒரு நாவலாகவே பதில் எழுதினார். முதலில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக வந்தது. 1972ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அவர் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினார். மழை அதே மழை, கார் அதே கார். தாய் மட்டும் வாயை மூடவில்லை. அண்ணன் தங்கையை வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமா ஒருவர் அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கிறார், அந்த அடைக்கலத்துக்குள் அவருடைய சொந்தக் கணக்கும் இருக்கிறது. அவள் பெரிய உத்தியோகத்துக்கு வருகிறாள். இன்னொரு வேடிக்கை, ‘அக்கினிப் பிரவேசம்’ கதையே இந்த நாவலுக்குள் வருகிறது. ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக வருகிறது. தன் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்பதைக் கங்கா பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்கிறாள்!

இப்போது சஸ்பென்ஸ் கணக்குக்கு வருவோம். உன்னைக் கெடுத்தவனை முடிந்தால் தேடிக் கண்டுபிடி என்று மாமா குத்திக்காட்டுகிறார். உடனே நம் மனசு ஒரு பாதையைப் போட்டுக்கொள்கிறது: தேடுவாள், கண்டுபிடிப்பாள், அவன் திருந்துவான், அல்லது அவள் பழிவாங்குவாள். என் சிநேகிதிக்கும் இதே எதிர்பார்ப்புதான். ஆனால் கண்டுபிடிப்பது என்ற முடிச்சை ஆசிரியர் இழுத்தடிக்காமல் அவிழ்த்துவிடுகிறார். பிரபு கிடைத்துவிடுகிறான். வில்லனும் இல்லை, நாயகனும் இல்லை. கல்யாணமாகி, வயசுக்கு வந்த மகள் இருக்கும், வீட்டிலேயே மதிப்பில்லாத ஒரு பணக்கார மனுஷன். பழிவாங்க ஆள் போதாது.

அதற்குப் பிறகு என்ன மிச்சம்? அந்தக் கார் கங்காவின் வீட்டு வாசலில் வந்து நிற்பது. ஊர் ஒன்று நினைத்துக்கொள்கிறது, உள்ளே நடப்பது வேறு, இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊர் கொடுத்த பட்டத்தை அவள் மறுக்காமல் எடுத்து மாட்டிக்கொள்கிறாள். கடைசியில் அவனும் விலகிப் போகிறான். கங்கா தனியாக நிற்கிறாள். “இதுக்கா இவ்ளோ பக்கம்?” என்பதுதான் சிநேகிதியின் கேள்வி.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். சிறுகதை வந்தபோது அம்மாவுக்குப் பதினேழு வயது. அந்தக் கதை பிடித்ததா என்று கேட்டேன்.

“அழுதேன். நல்லா இருந்துச்சு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம்டா. மறுநாள் காலையில பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில கேக்காம விட்டுருப்பாளா?”

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவாகவே சொன்னாள். கூடப் படித்த பெண் ஒருத்திக்கு இப்படித்தான் ஆகியிருக்கிறது. “அவ அம்மா வாயே தொறக்கல. கல்யாணம் ஆச்சு, பேரன் பேத்தி எடுத்துட்டா. எனக்கு மட்டுந்தான் தெரியும். இன்னிக்கும் வாசல்ல யாராவது கொஞ்சம் சத்தமாப் பேசினா அவ மூஞ்சி மாறும்.” பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உறைத்தது இதுதான். சிறுகதையில் நமக்குக் கிடைத்த நிம்மதி தாயுடைய நிம்மதி. சமாளித்துவிட்டாள், ஆபத்து தாண்டியது. அந்தப் பெண்ணுக்குக் கதையில் ஒரு பெயர்கூடக் கிடையாது. அவளுக்கு அந்தச் சஸ்பென்ஸ் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது, அதில் கடைசி அத்தியாயம் என்று ஒன்று வராது. நாவலில் அவளுக்குப் பெயர் கிடைக்கிறது, குரல் கிடைக்கிறது. பெரும்பாலும் கங்காவே நம்மிடம் பேசுகிறாள். பேச ஆரம்பித்தபிறகு நம் வசதிக்காக அவள் கதையை முடித்துவைக்க முடியாது. பிரபுவோடு சேர்த்துவைத்தால், கெடுத்தவனையே கட்டிவைக்கும் பஞ்சாயத்துத் தீர்ப்பாகிவிடும். வேறொருவனுக்குக் கட்டிவைத்தால் மறுபடி ஒரு வாளித் தண்ணீர்தான்.

இதனால் நாவலில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தொடருக்கே உரிய இழுவை இருக்கிறது. பிரபு தன்னைத்தானே நொந்துகொள்ளும் பேச்சுகளை நான் இந்தத் தடவையும் தாண்டித்தான் போனேன். கதை எழுதிய ஆர்.கே.வி.யே பிரபுவைக் கண்டுபிடிக்கவும் வழியாக அமைவது ரொம்ப வசதியான தற்செயல். சிநேகிதி எடுத்துவைத்த இன்னொரு வாதத்துக்கு என்னிடம் பதிலே இல்லை. “தண்ணி ஊத்தி சுத்தமாயிட்டேன்னு சொல்றதுக்கு, முதல்ல அவ அழுக்கானான்னு ஒத்துக்கணும்ல?” என்றாள். தாயின் கருணைகூட அந்தப் பழைய தராசில் வைத்துத்தான் எடை போடப்படுகிறது. அறுபதுகளில் அந்தத் தராசின் முள்ளைக் கொஞ்சம் அசைத்ததே பெரிய காரியம் என்று சொல்லலாம். தராசைத் தூக்கிப் போட அந்தச் சிறுகதையால் முடியவில்லை. நாவலில் கங்கா ஊர் கொடுத்த கெட்ட பெயரைத் தானே சூடிக்கொள்ளும் இடத்தில், அந்தத் தராசுக்கு வேலை இல்லாமல் போகிறது என்பது என் கட்சி.

கங்காவை ஜெயகாந்தனாலும் அப்படியே விட முடியவில்லை. ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவல் எழுதினார். அது வேறு சண்டை, இன்னொரு நாள் போடலாம்.

திங்கட்கிழமை அம்மா சொன்னதைச் சிநேகிதியிடம் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாள். “அந்த நாவலை இன்னொரு தடவை குடுங்கண்ணா” என்றாள். கட்சி மாறிவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. புத்தகம் இப்போது அவளிடம்தான் இருக்கிறது.